நீர்க்கட்டிக்கு எந்த மருந்து: மெட்ஃபார்மினா, கருத்தடை மாத்திரையா, லெட்ரோசோலா?

பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வந்துவிட்டால், மருந்துச் சீட்டு டாக்டருக்கு டாக்டர் மாறுகிறது. ஒருவர் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் எழுதுவார். இன்னொருவர் 21 மாத்திரை கொண்ட கருத்தடை அட்டையை ஆறு மாதத்துக்குத் தருவார். மூன்றாமவர் இனோசிட்டால் என்ற சத்துப் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வார். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் யாரோ ஒருவர் தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. இந்தக் கோளாறு மூன்று இடத்தில் தலைகாட்டுகிறது: மாதவிலக்கிலும் தோல், முடியிலும், ரத்தச் சர்க்கரையில், கருத்தரிப்பதில். ஓரிடத்தில் நன்றாக வேலை செய்யும் மருந்து இன்னோரிடத்தில் சுமாராக இருக்கும், சில சமயம் எதிராகவே போகும். இப்போது எது அவசரம் என்று முடிவு செய்துகொண்ட பிறகே மருந்துகளை ஒப்பிட முடியும்.

இப்படி ஒப்பிடுவதற்கு நல்ல எண்கள் கிடைத்ததில் ரிச்சர்ட் லெக்ரோவுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி நகரில், பென் ஸ்டேட் மருத்துவக் கல்லூரியில் இனப்பெருக்க ஹார்மோன்களையும் வளர்சிதை மாற்றத்தையும் சேர்த்தே ஆராய்ந்தவர். 1999, 2007, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்த அவருடைய நான்கு ஆய்வுகள் கீழே வரும் ஒப்பீட்டுக்கு முதுகெலும்பு.

ஹார்மோன் கோளாறுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களின் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை, உடல் பருமன் இல்லாவிட்டாலும் இது நடக்கிறது என்று ஆண்ட்ரியா டுனெய்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் 1989-ல் காட்டினார். இன்சுலின் எடுபடாததால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது. அதோடு, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையும் குறைக்கிறது. ரத்தத்தில் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. முகத்தில் முடி, பரு. சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுபோகின்றன. ஸ்கேனில் நீர்க்கட்டியாகத் தெரிவது அவைதான். முட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. கருப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும்.

மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஸ்கேனுக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தில் பாதியைக்கூட யாரும் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதில்லை. மாதவிலக்கு ஒழுங்கின்மையும், ஆண் ஹார்மோன் மிகுதிக்கான அறிகுறியோ ரத்தப் பரிசோதனையோ, இரண்டும் இருந்தால் வயது வந்த பெண்ணுக்கு ஸ்கேன் இல்லாமலேயே நோயை உறுதி செய்யலாம் என்பது 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஸ்கேனோ ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையோ தேவை. பூப்பெய்தி எட்டு ஆண்டு ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யவே கூடாது. அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு ஓடும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தைராய்டு, புரோலாக்டின் ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் பார்த்துவிட வேண்டும். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் பார்த்துப் பயனில்லை. நிறுத்தி மூன்று மாதம் கழித்தே எடுக்க வேண்டும்.

இனி சர்க்கரை. லெக்ரோ 1999-ல் பி.சி.ஓ.எஸ். உள்ள 254 பெண்களுக்குக் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். 31.1 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோயின் முந்தைய நிலை, 7.5 சதவீதத்தினருக்கு நோயே இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்திருந்தால் சிக்கியிருப்பவர்கள் 3.2 சதவீதம்தான். நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேல் நழுவியிருப்பார்கள். ஒல்லியானவர்களிலும் 10.3 சதவீதத்தினருக்கு முந்தைய நிலை காணப்பட்டது.

ஆகவே லேபில் ‘ஃபாஸ்டிங் மட்டும் போதும்’ என்று விட வேண்டாம். மூன்று நாள் வழக்கம்போலச் சாதம், இட்லி எல்லாம் சாப்பிட வேண்டும். பரிசோதனைக்காக மாவுச்சத்தைக் குறைத்தால் முடிவு திரிந்துபோகும். இரவு எட்டு மணி நேரமாவது பட்டினி. காலையில் ஒரு முறை ரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம். இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 140 முதல் 199 வரை முந்தைய நிலை, 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். காத்திருக்கும்போது மாடிப்படி ஏறி இறங்கினால் அளவு குறைத்துக் காட்டும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யை இதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாமா? குளுக்கோஸ் பரிசோதனைக்கு வழியே இல்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைவில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். இந்தியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது.

எடையும் வேறு அளவுகோலில். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. கணக்கில் தெற்காசியர்களுக்கு 23-லேயே அதிக எடை, 25-ல் பருமன்; பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. எல்லை. 155 செ.மீ. உயரம், 60 கிலோ என்றால் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 25. மேல்நாட்டுக் கணக்கில் இவர் சரியான எடை. நம் கணக்கில் சர்க்கரைக்கான வரிசையில் முன்னால் நிற்பவர். இடுப்பை அளக்கும்போது டேப்பைப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் வைக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் வைக்க வேண்டும். கழுத்து, அக்குளில் கறுத்துத் தடித்த தோல் இருந்தால் இன்சுலின் பிரச்சினை இருக்கிறது என்று தோலே சொல்லிவிட்டது. தேய்த்துக் குளித்துப் போகாது.

கருத்தடை மாத்திரையா, மெட்ஃபார்மினா?

குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்களுக்கு நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மாதவிலக்கு வரவேண்டும், முகத்து முடியும் பருவும் குறைய வேண்டும் என்றால் மாத்திரையே முந்துகிறது, அதிலும் பெரிய இடைவெளியில். மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் எஸ்.எச்.பி.ஜி.யைக் கூட்டுகிறது, கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. உட்சவ்வு தடிப்பதும் நிற்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன், எத்தினைல் ஈஸ்ட்ரடையால், 20 முதல் 30 மைக்ரோகிராம் உள்ளது போதும். 35 மைக்ரோகிராமோடு, ஆண் ஹார்மோனைத் தடுக்கும் சைப்ரோடிரோன் 2 மி.கி. சேர்ந்த மாத்திரை இங்கே தாராளமாக எழுதப்படுகிறது, ஆனால் வழிகாட்டுதலில் அதற்கு முதலிடம் இல்லை. காரணம் ரத்தக்கட்டு. மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு ரத்தக்கட்டு வருகிறது. ஈஸ்ட்ரோஜனோடு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரையில் 5 முதல் 7. டிராஸ்பைரினோன் அல்லது சைப்ரோடிரோன் கலந்ததில் 9 முதல் 12. எண் சிறிதுதான், ஆனால் பருவுக்குக் கூடுதல் பலன் வேண்டுமென்று கேட்பவர் இதையும் தெரிந்தே கேட்க வேண்டும்.

மாத்திரையில் ஏமாற்றம் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, அவசரம். பரு குறைய மூன்று மாதம், முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். ஏற்கெனவே முளைத்த முடி உதிராது, புதிதாக வருவது மெலியும். மற்றதற்கு லேசர்தான். இரண்டாவது, ஆறு மாதம் எடுத்து நிறுத்தியதும் மறுபடி மாதவிலக்கு தள்ளிப்போவது. மாத்திரையின்போது வந்தது அட்டையின் இடைவெளி வாரத்தில் ஹார்மோன் விலகியதால் வந்த ரத்தப்போக்கு. சினைப்பை குணமாகிவிட்டது என்பதற்கு அது அடையாளமே இல்லை.

ஒற்றைத் தலைவலியில் கண்முன் வெளிச்சக் கோடுகள் தெரிபவர்கள், ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்கள், முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள் இதைத் தொடக்கூடாது. அட்டையைக் கையில் கொடுக்கும் முன் பி.பி. பார்க்கவில்லை என்றால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு மாத்திரை கருத்தடையாக வேலை செய்யாது. நம் நாட்டில் இது அபூர்வமான சங்கதி அல்ல.

இனி சர்க்கரைப் பக்கம். லெக்ரோவின் 2015 ஆய்வில் அதிக எடையுள்ள 149 பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு குழுவுக்குக் கருத்தடை மாத்திரை மட்டும், இன்னொன்றுக்கு உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, எடைக்குறைப்பு மருந்து, மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரம். எடைக்குறைப்புக் குழு சராசரியாக 6.2 சதவீதம் எடை இழந்தது. மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் இடுப்பு, கொழுப்பு, அழுத்தம், சர்க்கரை எல்லாம் சேர்ந்து கெடும் வளர்சிதைச் சிக்கல் கணிசமாகக் கூடியது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் கூடவில்லை. அதன்பின் எல்லோருக்கும் முட்டை வெளிவர மருந்து கொடுத்தபோது எடை குறைத்த இரு குழுக்களிலும் 60, 67 சதவீதச் சுழற்சிகளில் முட்டை வந்தது. மாத்திரைக் குழுவில் 46.

இதை வைத்து மாத்திரையே விஷம் என்று முடிவு கட்டுவது தவறு. மாத்திரையை மட்டும் கொடுத்து எடையையும் சர்க்கரையையும் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் கெடுதல். சேர்த்துச் செய்தால் மாத்திரையின் பாதகம் மறைந்துபோகிறது.

மெட்ஃபார்மினுக்கு இடம் எங்கே? பி.எம்.ஐ. 25-ம் அதற்கு மேலும் உள்ளவர்கள், குளுக்கோஸ் பரிசோதனையில் 140-ஐத் தாண்டியவர்கள், குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர்கள், மாத்திரை எடுக்க முடியாதவர்கள். முடிக்கும் பருவுக்கும் அதனிடம் பெரிதாக எதிர்பார்க்கக்கூடாது. எடையும் சில கிலோவுக்கு மேல் இறங்காது. மாதவிலக்கு மெதுவாக, மூன்று நான்கு மாதத்தில் சீராகலாம்.

இதைப் பாதியில் நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் நிறுத்துவது வயிற்றுக் கோளாறால். அதற்குக் காரணம் முதல் நாளே முழு அளவைத் தொடங்குவது. இரவுச் சாப்பாட்டின் நடுவில் 500 மி.கி. என்று ஆரம்பித்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 மி.கி. கூட்டி, 1500 முதல் 2000 வரை போக வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் பழைய அளவுக்கு இறங்கி இரண்டு வாரம் இருந்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று அட்டையில் போட்டிருக்கும் மெதுவாகக் கரையும் வகை வயிற்றுக்கு இதம். அதை உடைத்தோ பொடித்தோ விழுங்கக்கூடாது. மலத்தில் மாத்திரை அப்படியே வந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்: மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வெளியே வருவது வெற்றுக் கூடு. ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையும். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு இது விரைவில் வரும், கால் மரத்துப்போகும் வரை காத்திருக்காமல் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துவிடலாம். தொடங்கும் முன் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை ஒரு முறை.

மெட்ஃபார்மின் கருத்தடை அல்ல. ஆண்டுக்கணக்கில் வராத முட்டை திடீரென்று வரத் தொடங்கும். ‘நமக்குத்தான் தங்காதே’ என்று பாதுகாப்பில்லாமல் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டுமே ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவதாக ஒன்று உண்டு, புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை மட்டும். மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் 10 மி.கி. பத்து நாள் எடுத்து நிறுத்தினால் சில நாளில் ரத்தப்போக்கு வரும். 90 நாளுக்கு மேல் மாதவிலக்கு வராமல் விடக்கூடாது என்பதுதான் இதன் ஒரே நோக்கம். உட்சவ்வுப் புற்றுநோய்க்கான அபாயத்தை அது தடுக்கும். முடிக்கோ சர்க்கரைக்கோ ஒன்றும் செய்யாது. கோயில் திருவிழாவுக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நார்எத்திஸ்டிரோனும் இந்த வகைதான். மாதக்கணக்கில் வராதவர்கள் அதைத் தாமாக வாங்கிப் போடுவதற்கு முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

குழந்தை வேண்டும் என்றால்

இங்கே ஒப்பீடு எளிது, லெக்ரோவின் இரண்டு ஆய்வுகள் கேள்வியை முடித்துவைத்தன. 2007-ல் 626 பெண்களிடம் நடந்தது: முட்டை வரவைக்கும் மருந்தான குளோமிஃபின் கொடுத்தவர்களில் 22.5 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2, இரண்டும் சேர்த்தால் 26.8. சேர்த்ததற்கும் குளோமிஃபின் மட்டும் என்பதற்கும் உள்ள வித்தியாசம் புள்ளியியலில் நிற்கவில்லை. 2014-ல் 750 பெண்கள், ஐந்து சுழற்சி வரை: லெட்ரோசோலில் 27.5, குளோமிஃபினில் 19.1. அதன்பின் லெட்ரோசோலே முதல் மருந்து.

2007 எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தப் பெண்களின் சராசரி பி.எம்.ஐ. 35-ஐ ஒட்டியது. நம் ஊரில் 26, 27 உள்ள பெண்ணுக்கு அந்த 7.2 அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் வரிசை மாறாது: முட்டை வரவைக்கும் மருந்தாக மெட்ஃபார்மினை மட்டும் நம்பி, முப்பதுகளில் இருப்பவர் ஓராண்டை வீணாக்கக்கூடாது.

லெட்ரோசோல் மாதவிலக்கின் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, தினம் 2.5 மி.கி. முட்டை வரவில்லை என்றால் அடுத்த சுழற்சியில் 5, பிறகு 7.5. கடைசி மாத்திரைக்குப் பிறகு ஐந்து முதல் பத்து நாளில் முட்டை வெளிவரும், அந்த நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதும். முட்டை வந்ததா என்று அறிய அதற்கு ஏழு நாள் கழித்து புரோஜெஸ்டிரோன் பார்க்க வேண்டும். 28 நாள் சுழற்சிக்கான ‘21-ம் நாள்’ என்ற சூத்திரம், தள்ளித் தள்ளி வருபவர்களுக்குப் பொருந்தாது. நாளைத் தவறாக எண்ணி, வந்த முட்டையை வரவில்லை என்று எழுதி டோஸைக் கூட்டுவதும் நடக்கிறது.

பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளில் ‘மாதவிலக்கு நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு’ என்று இருப்பதைப் படித்துவிட்டு மாமியார் வீட்டில் பிரளயமே நடக்கும். மருந்து பிறந்தது அதற்காகத்தான். ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைச் சில நாள் தடுத்தால் மூளை எப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூட்டி முட்டையை வளர்க்கிறது என்பதால் இதற்கும் பயன்படுகிறது. இந்தியாவில் 2011-ல் கருத்தரிப்புக்கு இதைத் தடை செய்தார்கள். பிறவிக் குறைபாடு குறித்த அச்சம் பெரிய ஆய்வுகளில் உறுதிப்படவில்லை, 2017-ல் தடை நீங்கியது.

முதல் அட்டை வாங்கும் முன் கணவருக்கு விந்துப் பரிசோதனை. பெண்ணுக்கு ஆறு சுழற்சி மருந்து கொடுத்த பிறகு அதைக் கேட்பது, கேட்கவே கூசுகிறது, இன்னும் பல இடங்களில் நடைமுறை.

இனோசிட்டாலும் ஊசியும்

இனோசிட்டாலுக்கு நல்ல பெயர் வந்தது ஜான் நெஸ்ட்லர் என்ற ஆராய்ச்சியாளரின் 1999 ஆய்வில்: டி-கைரோ இனோசிட்டால் எடுத்த 22 பேரில் 19 பேருக்கு முட்டை வந்தது, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 22 பேரில் 6 பேருக்கு. அப்புறம் வந்த ஆய்வுகள் அவ்வளவு பிரமாதமாக இல்லை. கெடுதல் குறைவு, பலன் நிச்சயமில்லை என்ற அளவில்தான் 2023 வழிகாட்டுதல் நிற்கிறது. மெட்ஃபார்மின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர் முயன்று பார்க்கலாம். ஆய்வுகளில் வழக்கமான அளவு மயோ இனோசிட்டால் நாளுக்கு 4 கிராம், இரண்டு வேளையாக. மாத்திரைக்கு 500, 600 மி.கி. மட்டுமே உள்ள தயாரிப்பை இரண்டு வேளை போட்டால் அதில் கால்பங்கோ சற்று மேலோதான் உடம்புக்குப் போகும். லேபிளில் கிராம் பார்த்து, மாதச் செலவைக் கணக்குப் போட்டு, மெட்ஃபார்மின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

செமாகுளுடைட் போன்ற ஊசிகள் எடையை இங்கே பார்த்த மற்ற மருந்துகளைவிட நன்றாகக் குறைக்கின்றன. விலையைத் தாங்க முடிந்தாலும், கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். எடுக்கும் காலமெல்லாம் கருத்தடை கட்டாயம். டிர்செபடைட் என்ற இன்னொரு எடைக்குறைப்பு ஊசியை எடுத்தால் கருத்தடை மாத்திரை உடலில் சேர்வதே குறையும், தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை டோஸ் கூட்டும்போதும் நான்கு வாரம் ஆணுறையும் வேண்டும். நிறுத்தியதும் எடை திரும்புகிறது.

உணவில் இன்னதுதான் சிறந்தது என்று எந்த முறைக்கும் நிரூபணம் இல்லை. 68 கிலோ உள்ளவர் மூன்றரை கிலோ குறைத்தாலே, அதாவது ஐந்து சதவீதம், மாதவிலக்கு சீராக வாய்ப்பு உண்டு. சாதத்தை விட்டுவிடத் தேவையில்லை. தட்டில் அதன் பங்கைக் குறைத்து, பயறு, முட்டை, மீன், கீரையைக் கூட்டினால் போதும். எடை குறைய வாரத்துக்கு 250 நிமிடமாவது வேக நடை.

சேர்த்துப் பார்த்தால்

திருமணமாகாத 22 வயதுப் பெண், குளுக்கோஸ் இயல்பு, தொல்லை பருவும் முடியும்: குறைந்த டோஸ் மாத்திரை, பி.பி. பார்த்து. அதே பெண்ணுக்கு இரண்டு மணி நேர அளவு 160 என்றால் மாத்திரையோடு மெட்ஃபார்மினும், நடையும். மாதவிலக்கு மட்டும் தள்ளிப்போகிறது, எடை சரி, சர்க்கரை சரி என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புரோஜெஸ்டிரோனே போதும். தினம் மாத்திரை தின்ன அவசியமில்லை. குழந்தைக்கு முயல்பவர் என்றால் லெட்ரோசோல், சர்க்கரை ஏறியிருந்தால் மெட்ஃபார்மின் கூடவே. இயல்பாக வந்தவர்களும் குளுக்கோஸ் பரிசோதனையை ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்ய வேண்டும்.

கரு தங்கியதும் 24-வது வாரம் வரை காத்திருக்காமல் முதல் செக்கப்பிலேயே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எல்லாக் கர்ப்பிணிக்கும் செய்யப்படும் பரிசோதனை, சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா முன்னெடுத்த முறை: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம், 140-ஐத் தொட்டால் சிகிச்சை. குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய முடிவு செல்லாது, மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அரை மணிக்குப் பிறகு என்றால் தொடரலாம்.